ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் தடத்தில் அலுவலகக் கணினி

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் தடம் என்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள உற்பத்தித் தொழிற்சாலைகளின் பகுதியாகும். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களிலும், சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் வல்லம், ஒரகடம் ஆகிய ஊர்களிலும் இது பரவியுள்ளது. இராமானுசர் பிறந்த ஊராகவே நெடுங்காலம் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், 1990களின் பிற்பகுதியில் இருந்து கார், கண்ணாடி, கைப்பேசி, டயர், லாரி ஆகியவற்றின் ஊராகவும் மாறியது. சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பூங்காக்கள் இங்கே அடுத்தடுத்து அமைந்தன. ஹுண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டு ஆலை 2010இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின.

இந்தத் தடத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களையும் முதலீட்டையும் பற்றியே எழுதுகின்றனர். ஆனால் ஆலைக்குள் நுழையும் ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் ஒரு கணினியும், அதன் முன் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாத ஓர் அலுவலரும் இருக்கின்றனர். பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ., டிப்ளமோ முடித்துவிட்டு பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ், எச்.ஆர். பிரிவுகளில் சேரும் இவர்களின் வேலை, திரையில் ஓர் எண் சரியாக இருப்பதை உறுதி செய்வதுதான். அந்த எண் தவறினால் லாரி கேட்டில் நிற்கும்; சில வேளைகளில் சம்பளம் வேறொருவர் கணக்குக்குப் போகும். இக்கட்டுரை அவர்களது அன்றாடத்தையும், அவர்களுக்கு உடனே பயன்படும் கணினி நுட்பங்களையும் விளக்குகிறது.

அலுவலரின் ஒரு நாள்

தாம்பரம், பூந்தமல்லி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு போன்ற இடங்களில் இருந்து கம்பெனி பேருந்தில் வருவோர் பலர். போக்குவரத்து நெரிசலைப் பொறுத்து ஒரு நாளில் இரண்டு, மூன்று மணி நேரம் பேருந்திலேயே கழிகிறது. கிரிக்கெட், திரைப்படம், மியூச்சுவல் ஃபண்டு பற்றிய காணொளிகளுக்கு நடுவே எக்செல் பாடங்களையும் கைப்பேசியில் பார்ப்பது இங்கு வழக்கம். மொழி கற்பதும் ஓர் ஆர்வமாக வளர்ந்துள்ளது. கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய, பிரெஞ்சு நிறுவனங்கள் ஒரே சாலையில் இருப்பதால், சென்னையில் உள்ள இன்கோ மையத்தில் கொரிய மொழியும், ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாயில் ஜப்பானிய மொழியும் கற்க வாய்ப்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூரின் கொரிய உணவகங்களில் மேலதிகாரியுடன் சாப்பிட நேரும்போது நான்கு சொற்கள் தெரிந்திருப்பது பயன் தரும். ஆனால் மொழியைவிட முன்னதாக இவர்களைத் தடுக்கி விழச் செய்வது, தேதி எழுதும் முறை.

தேதி, புள்ளி, காற்புள்ளி

04/03/2024 என்று ஓர் அட்டவணையில் இருந்தால் இந்திய அலுவலர் அதை மார்ச் 4 என்று படிப்பார். அமெரிக்க அமைப்பில் இயங்கும் கணினி அதை ஏப்ரல் 3 என்று கொள்ளும். கொரியாவிலும் ஜப்பானிலும் ஆண்டு முதலில் வரும். ஜெர்மனியில் நாள் முதலில் வந்தாலும் இடையில் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வரும். டெலிவரி அட்டவணை ஒன்று சியோலில் தயாராகி, சென்னையில் திறக்கப்பட்டு, ஓசூரில் உள்ள சப்ளையருக்கு அனுப்பப்படும்போது இந்த வேறுபாடு ஒரு மாதப் பிழையாக மாறக்கூடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எக்செல் தேதி என்று ஏற்றுக்கொண்டதை வலப்புறம் ஒட்டியும், வெறும் எழுத்தாகக் கருதியதை இடப்புறம் ஒட்டியும் காட்டும். ஒரே நெடுவரிசையில் 12க்கு உட்பட்ட நாட்கள் வலப்பக்கமும், 13க்கு மேற்பட்ட நாட்கள் இடப்பக்கமும் நின்றால், கணினி நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்திருக்கிறது என்று பொருள். 13ஆவது மாதம் இல்லாததால் அந்த வரிகளை மட்டும் அது தேதியாக்க முடியாமல் விட்டுவிட்டது. வலப்பக்கம் உள்ளவை சரியாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் தவறானவை அவைதான். இப்படிப்பட்ட கோப்பைக் கையால் திருத்த முயலாமல், விண்டோசின் பகுதி அமைப்பை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிவிட்டு மூலக் கோப்பை மீண்டும் இறக்குவதே நல்லது. வெளிநாட்டுக்கு அனுப்பும் கோப்புகளில் 2024-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுவது ஐ.எஸ்.ஓ. 8601 தரம் சொல்லும் முறை. இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

எக்செல் தேதிகளை உள்ளுக்குள் எண்களாகவே வைத்திருக்கிறது. 1900 சனவரி 1 என்பது 1. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளின் பிழையோடு ஒத்துப்போவதற்காக எக்செல் இன்றுவரை அந்த ஆண்டில் பிப்ரவரி 29ஐ ஏற்றுக்கொள்கிறது. தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் 45355 போன்ற எண் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும்.

புள்ளியும் காற்புள்ளியும் இதே வகைச் சிக்கல்தான். ஜெர்மானிய வழக்கில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. இங்கே அது ஒன்றே கால். எடையையும் விலையையும் ஐரோப்பியக் கோப்பில் இருந்து நகலெடுக்கும்போது மொத்தத் தொகையை ஒருமுறை மனக்கணக்காகச் சரிபார்ப்பது அவசியம். இலட்சம், கோடி என்று பிரிக்கும் 1,00,000 என்ற இந்திய முறையும் பகுதி அமைப்பு இந்தியா என்று இருந்தால் தானாகவே வரும்.

எண் போலத் தோன்றும், எண் அல்லாதவை

ஒரு பாகத்தின் எண் 004512 என்று வைத்துக்கொள்வோம். அதை எக்செலில் தட்டினால் 4512 என்று ஆகிவிடும். 3-12 என்ற எண் மார்ச் 12 ஆகவோ டிசம்பர் 3 ஆகவோ மாறும். இலக்கங்களுக்கு நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்து வரும் பார்ட் நம்பரை எக்செல் பத்தின் அடுக்காகக் கருதி மிகப் பெரிய எண்ணாக்கிவிடும். பார்கோடு லேபிளில் இருப்பது ஒன்று, ஏ.எஸ்.என். எனப்படும் முன்னறிவிப்பில் இருப்பது இன்னொன்று என்றால், ஆலையின் ஸ்கேனர் பொருளை ஏற்காது. பாகங்கள் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வந்துசேரும் முறையில் இயங்கும் கார் ஆலையில், சில மணி நேரத் தாமதமே அசெம்பிளி லைன் வரை போய்ச்சேரும். இழப்பு சப்ளையரின் கணக்கில் பற்றாக எழுதப்படலாம்.

இந்தப் பிழை கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வருவதல்ல. மார்ச்1, செப்ட்1 போன்ற சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிவந்தது. அவ்வாறு மாறியதைக் கவனிக்காமலே அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். கடைசியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. அறிவியல் விட்டுக்கொடுத்தபின், மைக்ரோசாஃப்ட் 2023இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் அமைப்புகளில் தந்தது.

எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் என்பது மற்றொன்று. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 12 இலக்கம் கொண்ட இ-வே பில் எண்ணும், வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணும் அடுக்குக்குறி வடிவில் சுருங்கித் தெரியும். அவற்றில் இலக்கம் இழக்கப்படுவதில்லை. கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் முழு எண் திரும்பவரும். ஆனால் அந்தச் சுருங்கிய நிலையிலேயே கோப்பை சி.எஸ்.வி. வடிவில் சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை.

இவை அனைத்துக்கும் தீர்வு ஒன்றே. பார்ட் நம்பர், வங்கிக் கணக்கு, ஆதார், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொண்டு யாரும் கூட்டல் கழித்தல் செய்வதில்லை. ஆகவே அவற்றை எழுத்தாகவே வைக்க வேண்டும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் என்று வடிவமைக்க வேண்டும். தட்டியபின் மாற்றினால் போன சுழி திரும்பாது. ஓரிரு கட்டங்களுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இட்டாலும் போதும். சி.எஸ்.வி. கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காமல், எக்செலின் டேட்டா பகுதியில் உள்ள இறக்குமதி வசதி வழியாகத் திறந்து, நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறிப்பிட வேண்டும். எச்.ஆர். பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோரின் கணக்கு எண்களை ஏற்றும் அலுவலருக்கு இந்த ஒரு பழக்கம் போதும், ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் வழிதவறாமல் காக்க.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டிலும் ஒரு பொறி உண்டு. 11 எழுத்துகள் கொண்ட அதில் ஐந்தாவது எப்போதும் சுழியே. ஆங்கில எழுத்தான ஓ அல்ல. 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் நிறுவனத்தின் பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. புதிய சப்ளையரின் இன்வாய்சில் முகவரி ஒரகடம் என்றும் எண் 29 என்றும் தொடங்கினால், அது கர்நாடகப் பதிவு. பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

தேடி எடுத்தலும் காணாமல் போகும் வரிகளும்

வேலைக்கான நேர்காணலில் விலுக்அப் தெரியுமா என்று கேட்பது இத்தடத்தில் ஏறக்குறைய சடங்கு. தெரியும் என்று சொல்பவர்களிலும் பலர் அதன் நான்காவது உள்ளீட்டை விட்டுவிடுகின்றனர். அதை விட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடும். இல்லாத பாகத்துக்கும் பக்கத்துப் பாகத்தின் விலையை எடுத்துக் கொடுக்கும். நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்றோ 0 என்றோ இடுவது கட்டாயம். புதிய பதிப்புகளில் உள்ள எக்ஸ்லுக்அப் துல்லியப் பொருத்தத்தையே தேடுவதால் இந்தக் கவலை இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு எண்கள் பொருந்தவில்லை என்றால், ஒன்றின் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கலாம். அதை ட்ரிம் நீக்கும். அல்லது ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் இருக்கலாம்.

பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள் மட்டுமே உண்டு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2020இல் கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்த வடிவக் கோப்புகளில் ஏற்றியபோது, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் இருந்து விடுபட்டது. அவர்களுடன் தொடர்பில் இருந்தோரைத் தேடுவதும் தாமதமாயிற்று. ஆலையின் பழைய இருப்புப் பட்டியல்களில் இந்த வடிவம் இன்னும் உலவுகிறது. கோப்பை ஏற்றும் முன் வரிகளின் எண்ணிக்கையையும், ஏற்றியபின் வந்துசேர்ந்த எண்ணிக்கையையும் ஒப்பிடுவது அரை நிமிட வேலை.

இ-வே பில் எனும் கடிகாரம்

சரக்குடன் செல்லும் இ-வே பில் மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்துக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு சூன் 2 முதலும் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இது தேவை. 2021 முதல் சாதாரணச் சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் செல்லுபடியாகும். ஓசூரில் இருந்து ஒரகடம் வரும் லாரிக்கு இரண்டு நாள் கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வருவதற்கு ஒரு நாள். வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், இரண்டாம் பகுதியில் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். தவறாக எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் தவறியது போன்ற சிறு பிழைக்காகச் சரக்கையே முடக்க வேண்டாம் என்று மறைமுக வரிகள் வாரியம் 2018 செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது. மத்திய, மாநில வரிகளின் கீழ் தலா 500 ரூபாய் அபராதம் என்றும் அது வரையறுத்தது. சோதனையில் நிறுத்தப்படும் ஓட்டுநருக்குத் துணையாக இந்தச் செய்தி டிஸ்பாட்ச் அலுவலரிடம் இருக்க வேண்டும்.

இந்தத் தளத்தில் நுழைய ஓ.டி.பி. கட்டாயமாகிவிட்டது. வேலையை விட்டுச் சென்றவரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. போகும் அவலம் நேராமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் தனித் துணைப் பயனர் கணக்கு உருவாக்கி, விலகும் நாளிலேயே அதை முடக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் மானிட்டரில் ஒட்டிவைத்துப் பயன்படுத்துவது வசதிதான். பிழை நேரும்போது யார் செய்தது என்று நிறுவ முடியாது. பழி பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவர் மேல் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற பிணைப்பண நச்சுநிரல் உலகின் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. ரெனோ நிறுவனத்தின் பிரான்சு ஆலைகளும், இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் உள்ள நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டன. ஒரகடத்தில் உள்ள ரெனோ – நிசான் ஆலையும் தாக்குதலுக்கு உள்ளானதாகச் செய்திகள் வெளிவந்தன. வருத்தம் தருவது, இந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது என்பதுதான். இரண்டு மாதங்களாக அதை நிறுவாமல் விட்ட கணினிகளில்தான் நிரல் பரவியது.

பெரிய ஆலை மட்டுமே குறி என்று எண்ண வேண்டாம். 2022இல் ஜப்பானில் கோஜிமா என்ற பிளாஸ்டிக் பாக சப்ளையரின் கணினிகள் தாக்கப்பட்டதால், மார்ச் 1 அன்று டொயோட்டா தன் 14 உள்நாட்டு ஆலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது. வல்லத்தில் 40 பேருடன் இயங்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கணினியும் அப்படி ஒரு சங்கிலியின் கண்ணிதான். ஆகவே மாலை கிளம்பும்போது திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல், வாரம் ஒருமுறையேனும் கணினியை மறுதொடக்கம் செய்து புதுப்பிப்புகளை முடிக்க விட வேண்டும். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையும் எல் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் கணினி பூட்டிக்கொள்ளும். அலுவலகக் கணினியில் திறந்துவைத்த சொந்த வாட்ஸ்அப்பும் அப்போது பிறர் கண்ணில் படாது.

பண இழப்பில் முடிவது பெரும்பாலும் நிரல் அல்ல, ஒரு கடிதம். வழக்கமான சப்ளையரிடம் இருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை புதிய கணக்குக்கு அனுப்பவும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறாக இருக்கும். சில வேளை சப்ளையரின் அஞ்சல் பெட்டியே களவாடப்பட்டிருப்பதால் முகவரியும் சரியாகவே இருக்கும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், பழைய இன்வாய்சில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்பதே பாதுகாப்பு. மேலாளர் அவசரம் என்று எழுதியிருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. அவர் பெயரிலும் போலிக் கடிதம் வரும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடுகிறது. திட்டு விழும் என்று மறுநாள் வரை மறைத்துவைப்பதே இதில் மிகப் பெரிய இழப்பைத் தருகிறது.

கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றச் சொல்வது பழைய வழக்கம். அமெரிக்காவின் நிஸ்ட் தர அமைப்பு 2017இலேயே, காரணமின்றி அடிக்கடி மாற்றவைப்பதைவிட நீளமான கடவுச்சொல்லே மேல் என்று பரிந்துரைத்தது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம்.

மழை, மின்தடை, நகல்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஹுண்டாய், ரெனோ – நிசான், ராயல் என்ஃபீல்டு உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னைப் பகுதியில் உற்பத்தியை நிறுத்தின. செம்பரம்பாக்கம் ஏரியை அன்று நினைத்தவர்கள், தரைத்தளத்தில் இருந்த சர்வரைப் பின்னரே நினைத்தனர் என்றால் வியப்பில்லை. முக்கியக் கோப்புகளுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது கணினித் துறையில் வழங்கும் விதி. எப்போதும் கணினியுடனே இணைந்திருக்கும் ஹார்டு டிஸ்க் நகல் ஆகாது. பிணைப்பண நிரல் அதையும் சேர்த்தே பூட்டும். நகலெடுத்த கோப்பை மாதம் ஒருமுறை திறந்தும் பார்க்க வேண்டும்.

தமிழில் ஓர் அறிவிப்பு

பாதுகாப்பு அறிவிப்பு, கேன்டீன் சுற்றறிக்கை, ஷிப்டு மாற்றம் ஆகியவற்றைத் தமிழில் தட்டச்சு செய்யும் பொறுப்பும் பெரும்பாலும் இளையவரிடமே வந்துசேரும். ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 108ஆம் பிரிவில் விதித்தது. வடமாநிலத் தொழிலாளர் மிகுந்த பிரிவுகளில் இந்தி, ஒடியா அறிவிப்பும் இன்று தேவைப்படுகிறது.

பழைய சுற்றறிக்கைகள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. புதிதாகத் தட்டுவதை ஒருங்குறியிலேயே தட்டினால் கைப்பேசியிலும் வாட்ஸ்அப்பிலும் அப்படியே தெரியும். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை இன்றைய விண்டோசில் உள்ளமைந்தே கிடைக்கிறது; தனி மென்பொருள் தேவையில்லை. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டுவது முதல் நாளே வரும், தமிழ்99 பழகச் சில வாரம் ஆகும். நாளுக்கு ஒரு பக்கமாவது தட்ட வேண்டியவருக்கு அந்தச் சில வாரம் வீண்போகாது. அறிவிப்பை அச்சிடும் முன் பி.டி.எஃப். ஆக்கி, அதை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் பலகையில் ஒட்டலாம்.